சுவரைப் பற்றித்தான் கேட்டேன்

பிள்ளைகளே, போன கிழமை பள்ளிக்கூடத்தால் உங்களை ஒரு செபக்கூடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள் அல்லவா? பெரியவள் வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டாள்: "அப்பா, அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்திலைதானே நீங்கள் முந்தி வேலை செய்தனீங்கள்?" சின்னவன் அங்கே கொடுத்த தொப்பியைத் தலையிலிருந்து எடுக்காமலே சோறு சாப்பிட்டான். நான் "ஓம், துப்புரவு வேலை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அம்மா உங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தா. அதை நானும் கண்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்து எனக்குக் கைவந்த வேலை இல்லை. ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் நின்றுவிடும் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி உங்கள் ஆசிரியை நன்றாகச் சொல்லித் தந்திருப்பா. நானும் அதைப் படித்தேன். எதற்காகப் படித்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

அது 2009, வன்னியில் கடைசிச் சண்டை நடந்த வருடம். நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உணவகம் பூட்டுப்பட்டு, ஒரு துப்புரவுக் கொம்பனியில் சேர்ந்திருந்தேன். முதல் நாள் விலாசத்தைத் தந்து அனுப்பினார்கள். பேர்லினில் நாங்கள் இருந்த நொய்கெல்னிலிருந்து நிலக்கீழ் ரெயில் எடுத்து, பிறகு பஸ் மாறிப் போனால், அந்தத் தெருவில் சாதாரண அடுக்குமாடி வீடுகள்தான் இருக்கின்றன. கீழே சைக்கிள்கள், மேலே பூச்சாடிகள். ஒரு வாசலில் மட்டும் பொலிஸ்காரர் நின்றார். பொலிஸைக் கண்டால் கை தானாகப் பொக்கற்றில் விசாவைத் தேடும் காலம் அது. நான் தெருவின் மற்றப் பக்கம் போய், இரண்டு தரம் மேலும் கீழும் நடந்து, பிறகுதான் அவரிடம் போனேன். அவர் பெயரைப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார். வீட்டுக்குக் கீழே ஒரு வளைவு, அதற்குள்ளால் போனால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் அந்தக் கட்டடம். நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்து நிற்க, நடுவில் அது நின்றது.

சினகோகே என்று ஜெர்மன் மொழியில் சொன்னார்கள். என்ன என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. பூசையில் வாசிப்பார்களே, ஆண்டவர் ஓய்வுநாளில் செபக்கூடத்துக்குப் போனார் என்று, அந்தச் செபக்கூடம்தான் என்று விளங்கியபோது திகைத்துப்போனேன். அது வேதாகமத்துக்குள் மட்டும் இருக்கிற ஒன்று என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். துடைக்க வேண்டிய யன்னல்களும் தூசு தட்ட வேண்டிய நீள மர வாங்குகளும் அதற்கு இருக்கும் என்று யார் கண்டது?

கட்டடப் பொறுப்பாளர் என் வயதுக்காரர்தான். உக்ரைனிலிருந்து வந்த யூதர். அங்கே பாலம் கட்டும் பொறியியலாளராக இருந்தவர், இங்கே பல்ப் மாற்றினார். "அங்கை பாலம், இஞ்சை பல்ப். ஜெர்மனிலை ரெண்டும் ஒரே எழுத்திலைதான் தொடங்குது" என்று அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். அவருடைய ஜெர்மனும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. ஆகவே ஒருவரை ஒருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்டது.

வாசலில் எனக்கு ஒரு கறுப்புத் துணித்தொப்பி தந்தார். நான் போட்டுக்கொண்டு உள்ளே காலடி வைத்தேன். வைத்ததும் கழற்றிவிட்டேன்.

"தொப்பி!" என்றார் பின்னால் இருந்து.

போட்டேன். நடுவழியில் நான்கைந்து அடி போனதும், எதிரே தொங்கிய விளக்கைக் கண்டு, என்னை அறியாமல் தொப்பியைக் கழற்றி ஒரு முழங்காலையும் மடக்கிவிட்டேன். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம் அது. கோயிலுக்குள் தலையில் ஏதும் இருந்தால் எங்கள் ஐயா பிடரியில் போடுவார்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ கத்தோலிக்கனே? நீங்கள் கடவுளுக்கு முன்னாலை தொப்பியைக் கழற்றுறியள், நாங்கள் போடுறம். பாவம், அந்தாள் மேலை இருந்து ஆரை எப்பிடி அடையாளம் பிடிக்கிறது?"

அந்தக் கிழமை முழுக்க அவர் "தொப்பி!" என்று கத்தியபடிதான் இருந்தார்.

அந்த மாசிமாதத்தில்தான் மாமியின் அழைப்பு வந்தது. என் தங்கச்சி, உங்கள் மாமி. அவவின் கணவர் முன்னமே நோய் வருத்தத்தில் இறந்துபோனார். மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு, மன்னாரிலிருந்து இடம்பெயரத் தொடங்கி, ஒவ்வொரு ஊராக நகர்ந்து நகர்ந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டா. அங்கே யாரோ ஒருவரிடம் செய்மதித் தொலைபேசி இருந்தது. சனம் வரிசையில் நின்று ஆளுக்கொரு நிமிடம் கதைத்தார்கள். அவ அழைத்தபோது நான் மேல் மாடத்தில் தூசு உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மெசினை நிறுத்த முதலே அவ கதைக்கத் தொடங்கிவிட்டா.

"அண்ணை, நாங்கள் கோயிலுக்குள்ளை இருக்கிறம். மாதாவையும் கொண்டு வந்திட்டினம். நீங்கள் யோசியாதைங்கோ. பிள்ளையளுக்கு..."

பிள்ளைகளுக்கு என்ன என்பது தெரியவில்லை. அறுந்துவிட்டது.

அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கோயில். நான் பிறந்த ஊரிலும் குண்டு விழுந்தால் கோயிலுக்குத்தான் ஓடுவோம். பறங்கியர் காலத்துச் சுவர், வாங்குகளுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்போம், காலையில் எண்ணிப் பார்த்தால் எல்லோரும் இருப்போம். தங்கச்சி இப்போது அப்படி ஒரு சுவருக்குள் இருக்கிறா. எந்த ஊர்க் கோயில், எவ்வளவு பெரியது, எனக்குத் தெரியாது. சுவர் இருக்கிறது, அது போதும்.

அன்றைக்கே நான் கீழே இறங்கிப் பொறுப்பாளரிடம் கேட்டேன்: "இந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு?"

அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பல்பைப் பற்றி அல்லாமல் ஒருவன் சுவரைப் பற்றிக் கேட்கிறான்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனார். யன்னல் குழிக்குள் கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். விரல் நுனி கண்ணாடியில் முட்டியபோது முழங்கை கடந்து என் புயத்தில் பாதிவரை சுவருக்குள் இருந்தது. செங்கல்லை எப்படிக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார்கள், வளைவு எப்படி மேலே இருக்கும் பாரத்தை இரண்டு பக்கமும் பிரித்துத் தூணுக்கு அனுப்புகிறது, தூண் எப்படி அதை நிலத்துக்குக் கொடுக்கிறது, எல்லாம் சொன்னார். "வளைவு ஒருநாளும் நித்திரை கொள்ளாது. எப்பவும் தள்ளிக்கொண்டே நிக்கும்" என்றார்.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று கேட்டேன். நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் தூண் வரிசை, தூண்களுக்கு மேலே பெண்கள் இருக்கும் மாடம். கிழக்குச் சுவர் அரைவட்டமாக உள்ளே வளைந்து போகும். அதற்குள் வேதச்சுருள்கள் வைக்கும் பேழை, அதன் முன்னால் அணையாவிளக்கு. எங்கள் கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிவது போலவேதான். சுரூபம் ஒன்றும் கிடையாது. மேலே விதானத்தில் நிறங்கள். அந்த நிறங்கள் நெடுங்காலம் வெள்ளைப் பூச்சுக்குக் கீழே கிடந்தனவாம். சில வருடங்களுக்கு முன் திருத்தியபோது, வேலையாட்கள் சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டிக் கண்டுபிடித்து, கிடைத்த துண்டுகளைப் பார்த்து மீதியைத் தீட்டினார்களாம். ஒரு மூலையில் கையகலத்துக்கு அந்தப் பழைய வெள்ளையை அப்படியே விட்டிருக்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியட்டும் என்று. உங்களுக்கும் காட்டியிருப்பார்கள்.

நான் எதையும் அழகுக்காகப் பார்க்கவில்லை, பிள்ளைகளே. ஒவ்வொன்றையும் எடுத்து வன்னியில் வைத்துப் பார்த்தேன். தங்கச்சி வளைவுக்குக் கீழே இருப்பாவா, யன்னலுக்குக் கிட்டவா? மாடம் இருந்தால் மேலே ஏறாமல் இருக்க வேண்டும். தூணோடு ஒட்டி இருந்தால் நல்லது. இதையெல்லாம் அவவுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த இலக்கத்துக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். மணிகூட அடிக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடமும் இதே கதைதான். "செங்கல்லெண்டால் குறுக்கை நெடுக்கை வைச்சுக் கட்டியிருந்தால் லேசிலை விழாது" என்பேன்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு இப்ப சுவர்ப் பைத்தியமோ? முதல்லை அந்தச் சோத்தைச் சாப்பிடுங்கோ" என்பா. சொல்லிவிட்டு அவவும் சாப்பிடமாட்டா.

தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனால் அங்கே கல்லாவில் இருக்கும் அண்ணை செய்தி வைத்திருப்பார்.

"அண்ணை, தங்கச்சி ஆக்கள் கோயிலுக்குள்ளை இருக்கினம். கோயிலுக்கு அடிக்கமாட்டாங்கள்தானே?"

அவர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "ஆஸ்பத்திரிக்கே அடிக்கிறாங்களாம். நீ கோயிலைக் கொண்டு வாறாய்."

பின்னால் நின்ற ஒரு அக்கா அவரை அதட்டினா. "வாயை மூடுங்கோ. அந்தாளின்ரை முகத்தைப் பாத்துக் கதையுங்கோவன்."

நான் முருங்கைக்காயை வாங்காமலே வந்துவிட்டேன். சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலங்களுக்கும் போனேன். உங்களையும் தள்ளுவண்டிலில் வைத்துக் கொண்டுபோனோம், உங்களுக்கு நினைவிராது. தெருவோரத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த சனம் எங்களை நிமிர்ந்து பார்த்தது, பிறகு கோப்பியைப் பார்த்தது.

பங்குனியில் ஒருநாள் பொறுப்பாளர் ஏணியில் நின்று பல்ப் மாற்ற, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: "இந்தக் கட்டடம் எப்பிடித் தப்பினது?"

அவர் மேலே நின்றபடியே சொன்னார். 1938 கார்த்திகையில் ஒரு இரவு, இந்த நாடு முழுக்க நாசிகள் செபக்கூடங்களைக் கொளுத்தினார்கள். இதற்குள்ளும் வந்தார்கள். வாங்குகளை உடைத்தார்கள், வேதச்சுருள்களைக் கிழித்தார்கள், நெருப்பும் வைத்தார்கள். ஆனால் நான்கு பக்கமும் வீடுகள் அல்லவா? நெருப்பு மற்றச் சனத்தின் வீடுகளுக்குத் தாவிவிடும் என்று தாங்களே அணைத்தார்கள்.

"செபக்கூடத்துக்காக இல்லை, பூச்சாடிக்காக அணைச்சாங்கள்" என்றார். பிறகு இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் இதற்குள் குதிரை கட்டினார்களாம்.

எனக்கு அந்தக் குதிரை காதில் ஏறவில்லை. வீடுகள் காப்பாற்றின என்பது மட்டும் ஏறியது. பக்கத்தில் மற்ற ஆட்கள் நெருக்கமாக இருந்தால் அடிக்க யோசிப்பார்கள். தங்கச்சியின் கோயிலைச் சுற்றியும் சனம் நெருக்கமாகத்தானே இருக்கும்? அன்று முழுக்க எனக்கு ஒரு உற்சாகம். வாங்குகளை இரண்டு தரம் துடைத்தேன்.

சித்திரை வந்தது. அழைப்பு இல்லை. செய்தியில் காட்டிய வரைபடத்தில் அந்தக் கடற்கரைத் துண்டு ஒவ்வொரு தரமும் சிறிதாகிக்கொண்டே போனது. நான் மேலும் மேலும் கேட்டேன். கூரை மரமா, இரும்பா? கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? நிலவறை உண்டா? எத்தனை பேர் பிடிக்கும்? கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அவர் ஏணியிலிருந்து இறங்கி, கையில் இருந்த திருகாணியைக் கீழே வைத்தார்.

"பிடிக்கிறதெண்டால் ரெண்டாயிரம் பேரும் பிடிக்கும். எங்களுக்கு எவ்வளவு தேவை தெரியுமே? பத்துப் பேர். பத்து ஆம்பிளையள் நிண்டால்தான் முழுச் செபமும் சொல்லலாம். சண்டை முடிஞ்சு பாத்தால் கட்டடம் நிக்குது, பத்துப் பேர் சேர்க்கிறது பெரும்பாடாய்ப் போச்சுதாம்."

நான் ஏனோ அப்போதுதான் கேட்டேன்: "அப்ப, இதுக்குள்ளை இருந்த ஆக்கள்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ஆக்களைப் பற்றி நீ ஒருநாளும் கேக்கேல்லையே. சுவரைப் பற்றித்தானே கேட்டனீ. ஆக்களைக் கொண்டுபோய்ச் சாக்காட்டினாங்கள். கட்டடம்தான் தப்பினது."

நான் ஏணியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றபடி, எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்து வைத்தேன். என் தங்கச்சி. இரண்டு பிள்ளைகள். சண்டை. கோயிலுக்குள் இருக்கிறார்கள். சுவர்.

அவருடைய முகத்தில் இருந்த பொறியியலாளர் போய்விட்டார். இத்தனை நாளாக என்னைக் கட்டட ஆசைக்காரன் என்றல்லவா நினைத்திருந்தார்! அவர் "ஐயோ" என்பது போல ஏதோ ரஷ்ய மொழியில் சொன்னார். என் தலையில் தொப்பி இல்லை. எப்போது கழற்றினேனோ தெரியாது. அன்று அவர் தொப்பி என்று கத்தவில்லை.

எனக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும் என்று அவர் தேடியது தெரிந்தது. "இஞ்சை பார், செபக்கூடம் எண்டு நாங்கள் சொல்லுறது இந்தச் செங்கல்லை இல்லை. பத்துப் பேர் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்திலை நிண்டாலும் அது செபக்கூடம்தான். உங்கடை ஆக்களுக்கு எப்பிடியோ தெரியாது."

எங்களுக்குக் கோயில் என்றால் கட்டடம் என்றுதான் மனத்துக்குள் நினைத்தேன்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் பல நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் இருவரும் ரீவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு. சத்தத்தைக் குறையுங்கோ என்று நான் கத்திய கத்தலில் சின்னவன் அழத் தொடங்கினான். அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா.

முகாமிலிருந்து கதைத்தது மாமியின் மகள், உங்கள் மச்சாள். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் உங்களோடு தொலைபேசியில் கதைக்கிறாவே, அதே மச்சாள்தான்.

"மாமா, நான் மட்டும்தான் மாமா வந்தனான்."

அவவே சொன்னா. "அம்மாவும் தம்பியும் கோயிலுக்குள்ளைதான் இருந்தவை. நான் தண்ணிக்குப் போனனான். திரும்பி வரேக்கை..."

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இத்தனை மாதமாக அதையே நினைத்து நினைத்து, அதுதான் வந்தது.

"சுவர் விழுந்ததோ பிள்ளை?"

"என்ன சுவர் மாமா?"

"கோயில் சுவர்."

"சுவர் ஒண்டும் இல்லை மாமா. கடற்கரை மணல்லை தறப்பாள் கட்டினது. மாதாவைக் கொண்டுவந்து அதுக்குள்ளை வைச்சவை. பாதர் பூசை வைச்சவர். அதைத்தான் நாங்கள் கோயில் எண்டு சொல்லுறது."

பிளாஸ்ரிக் தறப்பாள். இடம்பெயர்ந்த சனத்துக்குக் கூடாரம் போடக் கொடுப்பார்களே, அதுதான். தங்கச்சி பொய் சொல்லவில்லை. மாதாவின் சுரூபத்தை இறக்கி வைத்து நாலு பேர் செபமாலை சொன்னால் அது கோயில்தான் என்று நானும் அங்கே இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் நான் பேர்லினில் இருந்துகொண்டு, அந்தச் சொல்லுக்குச் செங்கல் அடுக்கி, வளைவு வைத்து, தூண் நிறுத்தி, கூரையும் போட்டிருந்தேன். உருளைக்கிழங்குத் தோட்டம் என்று அந்த மனுசன் சொன்னபோதுகூட எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டாம் என்று அம்மா சொன்னா. நான் போனேன். வீட்டில் இருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், என்னால் ஏலாது. பொறுப்பாளர் என்னைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். தொப்பியைக் கையில் தந்து, "இண்டைக்கு நீ மேலை வரவேண்டாம், கீழை நிலவறையைப் பார்" என்று மட்டும் சொன்னார். அங்கே ஆட்கள் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நிலவறையில், திருத்த வேலை நடந்தபோது மிஞ்சிய சாமான்கள் கிடந்தன. பூச்சு வாளிகள், உடைந்த வாங்கொன்று, சில கதிரைகள். சுவரோரமாக, வாங்குகளில் தூசு படாமல் மூட எடுத்த நீலத் தறப்பாள் மடித்தபடி இருந்தது.

நான் கதவைச் சாத்தினேன். இரண்டு கதிரைகளை எதிரெதிராக வைத்து, அந்தத் தறப்பாளை விரித்து மேலே போட்டேன். குனிந்து அதற்குள் போய் நிலத்தில் இருந்தேன். பல்ப் வெளிச்சம் நீலமாக உள்ளே வந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன். பிறகு ஒரு விரலால் தறப்பாளைத் தள்ளிப் பார்த்தேன். விரல் போன இடத்துக்கெல்லாம் அதுவும் போனது.